ஏரிப் பக்கம் திரும்பாத குழாய்

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

உன் கடிதம் வந்து பதினோரு நாளாகிறது. வந்த மறுநாளே பதில் போடுகிற மனுஷன் இந்தத் தடவை ஏன் இப்படி இழுக்கிறார் என்று நினைத்திருப்பாய். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மூன்று முறை உட்கார்ந்தேன். சுகம், உங்கள் சுகத்துக்கு எழுதவும் என்று ஒரு வரி போடுவேன், அதற்கு மேல் பேனா நகராது, கிழித்துப் போட்டுவிட்டு எழுந்துவிடுவேன். பம்பாயில் உன் ஆபீஸ் சிநேகிதர்களிடம் உன் கல்யாணக் கதையைச் சொன்னதாக எழுதியிருந்தாய். படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவுக்கு, ஏரியின் அக்கரையிலிருந்து ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, கெட்டிமேளத்தைக் கேட்கவைத்த அப்பா என்று என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாயாம். அதற்குக் கீழே எழுதியிருந்ததுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "உங்கள் மேல் எனக்கு எத்தனையோ மனத்தாங்கல் உண்டு அப்பா. முந்திரிக் கொல்லையை விற்று என்னைக் காலேஜுக்கு அனுப்பாமல் மைக் செட் வாங்கினீர்கள். அம்மா கிணற்றடியில் விழுந்த அன்று நீங்கள் ஏலாக்குறிச்சித் திருவிழாவில் இருந்தீர்கள். ஆனால் அந்த ஒரு காரியத்துக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்." இதைத்தான் பதினோரு நாளாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். இந்த மன்னிப்பு எனக்குச் சேர வேண்டியது இல்லை, தம்பி. அன்றைக்கு உன் அம்மாவுக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

எழுதிவிட்டேன். இனிக் கிழிக்க மாட்டேன். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், பொறுமையாகப் படி.

என் தொழிலை நீ ஒரு நாளும் மதித்ததில்லை. மதிக்கும்படி நான் நடந்துகொண்டதும் இல்லை. யுத்தம் முடிந்த கையோடு திருச்சியில் ஒரு ரேடியோ கடையில் அந்தப் பெட்டியையும் இரண்டு குழாய்களையும் பார்த்தபோது எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. பேட்டரியை ரயிலில் ஏற்றி இறக்கி, மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி அதன்மேல் பெட்டியை வைத்து, ஊர் ஊராகப் போனேன். கடைக்காரர் கற்றுக்கொடுத்தது கொஞ்சம், நானே கெடுத்துக் கற்றது நிறைய. குழாயை மூங்கிலில் கட்டுவது யாருக்கும் வரும். அதை எந்தப் பக்கம் திருப்புவது என்பதுதான் வித்தை. உட்கார்ந்திருக்கிறவன் முகத்துக்கு நேரே வைத்தால் முன்வரிசைக்குக் காது போய்விடும், பின்வரிசைக்குப் பாட்டு புரியாது. சற்றே விலக்கி, அவன் தோளைத் தாண்டிப் பார்க்கிற மாதிரி வைத்தால் இதமாக இருக்கும். மைக்கைப் பார்த்து வைத்தால் ஊளையிடும். ஏலாக்குறிச்சியில் முதல் தடவை அது ஊளையிட்டபோது சப்பரத்துக்கு முன்னால் நின்ற ஜனமெல்லாம் பதறி விலகியது, நான் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். உன் அம்மாவிடம் வந்து சொன்னபோது அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு உனக்கு ஞாபகம் இருக்கும். "ஊருக்கு ஒரு நரி போதாதுன்னு நீங்க வேற ஒண்ண வண்டியில ஏத்திக்கிட்டுப் போறீங்களா?" என்றாள்.

ஒன்றையும் மறைப்பதில்லை என்று உட்கார்ந்திருப்பதால் இதையும் சொல்கிறேன். உடையார்பாளையம் பக்கம் ஒரு கல்யாணத்தில், பெண்ணின் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தா தெரியுதுல்ல ஓட்டு வூடு, அது என் பங்காளி வூடு. குழாய அதும்மேலயே திருப்பி வுடுங்க. மூணு நாளைக்கு அவன் தூங்கக் கூடாது" என்றார். திருப்பிவிட்டேன். அந்த வீட்டில் ஒரு பச்சைக்குழந்தை இருந்தது எனக்கு அப்புறம்தான் தெரியும். தெரிந்த பிறகும் நான் திருப்பவில்லை. குழாய் யாரைப் பார்க்கிறது என்பதில் மனுஷர்களுக்கு எவ்வளவு கௌரவமும் வீம்பும் இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கௌரவத்தை ஊருக்கெல்லாம் கட்டிக்கொடுத்தவன் நான். என் வீட்டுக் கல்யாணத்தில் அது எனக்கு வராமல் இருக்குமா?

உன் கல்யாணத்தைப் பெண் வீட்டில்தான் வைக்க வேண்டும் என்று உன் மாமனார் பிடிவாதமாக இருந்தார், மூத்த மகள். அவர்கள் ஊர் ஏரிக்கு அக்கரை, நாம் இக்கரை. உன் அம்மா கிணற்றடியில் விழுந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கட்டிலிலிருந்து தூக்கி உட்காரவைக்கவே இரண்டு பேர் வேண்டும், ஏரிக்கரை மேட்டில் வண்டியில் போனால் அவள் முதுகு தாங்காது. நாள் குறித்துவிட்டு வந்த அன்று அவள் அழுவாள் என்று பயந்துகொண்டே உள்ளே போனேன். அவள் அழவில்லை. யோசித்து வைத்திருந்தாள். "ஏங்க, ஊருக்கெல்லாம் கட்டுற குழாய எனக்கு ஒண்ணு கட்ட மாட்டீங்களா? ஏரிப் பக்கம் திருப்பி வுடுங்க. கொல்லை வாசல்ல கட்டிலப் போடச் சொல்லி இங்கேருந்தே கேட்டுக்குறேன். கெட்டிமேளம் கேக்குறப்ப அட்சத தூவுறேன், அது போதும்" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் என் தொழிலிடம் கேட்டது அது ஒன்றுதான்.

முந்தின நாள் மத்தியானம் அக்கரையில் பந்தல்கால் பக்கத்தில் மூங்கில் நட்டு, ஒரு குழாயைப் பந்தலுக்குள்ளும் இன்னொன்றை ஏரிக்கு நேராகவும் கட்டினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று சொல்லிப் பார்த்தேன். அப்புறம் என்ன தோன்றியதோ, சுற்றிலும் ஆள் இருக்கிறது என்பதையும் மறந்து, "ஏ புள்ள, கேக்குதா?" என்று மைக்கில் கேட்டுவிட்டேன். பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் உன் அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "ஊரு ஒலகமே கேக்க புள்ளன்னு கூப்புடுறீங்களே, வெக்கமா இல்ல?" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. ஆக, குழாய் ஏரியைப் பார்த்தால் அவளுக்குக் கேட்கும் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கல்யாணத்தன்று சூரியன் ஏறியதும் ரோட்டில் வண்டிகள் வர ஆரம்பித்தன. அன்று அரியலூர்ச் சந்தை நாள். உன் மாமனார் தன் உறவுக்காரர்கள் நாலைந்து பேரோடு மூங்கிலடியில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். "என்னா சம்பந்தி, குழாயத் தண்ணிக்குக் காட்டி வெச்சிருக்கீங்க? மீனுங்களா வந்து மொய் வெக்கப் போவுது? ரோட்டுப் பக்கம் திருப்புங்க, போற வர்ற சனம் கேக்கட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். என் வீட்டுக்காரி அந்தக் கரையில் படுத்திருக்கிறாள் ஐயா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார். அவர் நல்ல மனுஷர், அவருக்குத் தெரியாது. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை, இதை அவரிடம் கேட்டுவிடாதே. நான் ஏன் சொல்லவில்லை என்றால், எனக்கும் ரோடு வேண்டியிருந்தது. குழாய் கட்டுகிறவன் என்று என்னைப் பேர் சொல்லாமல் கூப்பிட்ட அத்தனை பேரும் அந்த ரோட்டில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். என் மகன் கல்யாணம் அவர்கள் காதில் விழ வேண்டும் என்று இருந்தது. தாலி கட்டுகிற நேரத்துக்கு ஏரிப் பக்கம் திருப்பிவிடலாம், எத்தனை நிமிஷ வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஏணியில் ஏறித் திருப்பிவிட்டேன்.

அதற்கப்புறம் நான் மைக் செட்காரன் இல்லை, மாப்பிள்ளையின் அப்பா. வந்தவர்களை வரவேற்கவும் சந்தனம் நீட்டவும் நேரம் போயிற்று. தாலுகா கச்சேரியிலிருந்து பெரியவர் ஒருவர் வந்தார். அவரை முன்வரிசையில் உட்காரவைத்து, அவர் பேசுவதற்குத் தலையாட்டிக்கொண்டு நின்றேன். ஐயர் கெட்டிமேளம் என்றார். கையில் அட்சதையோடு நிமிர்ந்தபோதுதான் குழாயைப் பார்த்தேன். அது ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏரிக்கு அதன் முதுகுதான் தெரிந்தது. நீ குனிந்து தாலி கட்டிக்கொண்டிருந்தாய். அட்சதை என் கையிலேயே இருந்தது, தம்பி. பக்கத்தில் நின்றவர் என் முழங்கையைத் தட்டி, "தூவுங்க, தூவுங்க" என்றார். தூவினேன்.

சாயங்காலம் உங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நீ ஓடிப்போய்க் கட்டிலடியில் உட்கார்ந்து, "அம்மா, கேட்டுச்சாம்மா?" என்றாய். அவள் உன் கன்னத்தைத் தடவி, "எல்லாம் கேட்டுச்சு தம்பி. கெட்டிமேளம் ஜாம் ஜாம்னு கேட்டுச்சு" என்றாள். நீ அழுதுவிட்டாய். உன் பெண்டாட்டியும் அழுதாள். நான் வாசல்படியில் நின்றுகொண்டு, அப்பாடா, எப்படியோ காற்றில் போய்ச் சேர்ந்துவிட்டது போல என்று நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டு அஞ்சலை வேலியோரத்தில் நின்று கூப்பிட்டாள். அன்றைக்கு அம்மாவுக்குத் துணையாக இருந்தவள் அவள்தான். "அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. நேத்து ஒண்ணுமே கேக்கலண்ணே. காத்து வேற நம்ம பக்கத்துலேருந்து அந்தாண்ட அடிச்சுது. அண்ணி விடியக்காலமே தலை வாரிவுடச் சொல்லி, புதுப் பொடவயக் கட்டிவுடச் சொல்லி, கையில அட்சதய வெச்சுக்கிட்டு ஏரியவே பாத்துக்கிட்டுக் கெடந்தாங்க. நான் வாயத் தொறந்தாக்கூட, சும்மா இருடி, கேக்காமப் போயிரும்னாங்க. வெயிலு கட்டில்மேல ஏறுற வரைக்கும் அப்படியேதான். அப்பறம், முடிஞ்சிருக்கும்ல அஞ்சலைன்னு என்னயக் கேட்டுட்டு, அவங்களாவே தூவிட்டாங்க" என்றாள். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அஞ்சலையும் போன வருஷம் மகனோடு லால்குடிக்குப் போய்விட்டாள்.

உள்ளே போய் உன் அம்மா காலடியில் உட்கார்ந்தேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "டாக்டரு சத்தம் ஆகாதுன்னாரு புள்ள. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும்னுதான் கொஞ்சம் திருப்பி வுட்டேன்" என்றேன். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. எட்டு மாதமும் டாக்டர் வந்தபோதெல்லாம் அவளும்தானே அந்தக் கட்டிலில் இருந்தாள், அவளுக்குத் தெரியாதா? என் முகத்தைப் பார்த்தாள். "சரிங்க" என்றாள். பிறகு, "அவங்கிட்ட கேட்டுச்சுன்னு சொல்லிப்புட்டேன். ஏற்கெனவே உங்கமேல கொறையா இருக்கான். நீங்களும் அதயே சொல்லுங்க, மாத்திச் சொல்லிப்புடாதீங்க" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சரிங்கவைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை. மார்கழியில் அவள் போய்விட்டாள். இதைப் பற்றி அவளும் மறுபடி பேசவில்லை, நானும் பேசவில்லை.

அவள் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். பெண்டாட்டி படுத்த இடத்திலேயே மகன் கல்யாணத்தைக் கேட்கவைத்த மனுஷன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அதை அவர்கள் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். பெரம்பலூர் வரைக்கும் அந்தக் கதை போயிற்று. அந்தக் கதையைக் கேட்டே என்னைத் தேடி வந்து கூப்பிட்டவர்கள் உண்டு. நானும் போனேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. இதுவும் உனக்குத் தெரிய வேண்டும்.

இப்போதெல்லாம் மூங்கில் நடுவதற்கு முன்னால் தெருவில் வீடு வீடாகப் போய், படுத்திருக்கிறவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிறேன். திருமழபாடியில் ஒரு வீட்டில் வயசான அம்மாள் ஒருத்தி படுக்கையில் இருப்பதாகச் சொன்னார்கள். பாவம், கேட்கட்டும் என்று அந்தப் பக்கமே குழாயைத் திருப்பிவிட்டேன். கால் மணி நேரத்தில் அந்த அம்மாளின் பேரனே ஓடிவந்தான். "ஆத்தா உங்களக் கண்டபடி வையுதுங்க. உசுரு போறதுக்கு முன்னாடி காது போயிரும்போல இருக்காம், அந்தாண்ட திருப்பச் சொல்லுது" என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது. வீட்டில் இருப்பவர்களைக் கேட்டேனே ஒழிய, அந்த அம்மாளைக் கேட்கவில்லை பார். ஒருத்திக்குத் திருப்ப வேண்டியபோது திருப்பவில்லை, இன்னொருத்திக்குத் திருப்பக் கூடாதபோது திருப்பினேன். இரண்டு தடவையும் அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை நானேதான் முடிவு செய்தேன்.

அதனால்தான் உன் கடிதத்தில் இன்னொரு இடமும் என்னை உறுத்துகிறது. உன் பெண்டாட்டி அவள் தங்கை வளைகாப்புக்கு வர ஆசைப்பட்டதாகவும், கைக்குழந்தையோடு அவ்வளவு தூரம் ரயிலில் ஆகாது என்று நீ நிறுத்திவிட்டதாகவும், அவளும் சரி என்றுவிட்டதாகவும் சர்வசாதாரணமாக எழுதியிருக்கிறாய். தம்பி, அவள் எப்படிச் சரி என்றாள்? முகத்தைப் பார்த்தாயா? ரயில் கூட்டம்தான் காரணமா, இல்லை உனக்கு லீவு கேட்கக் கூச்சமா? நான் புத்தி சொல்லத் தகுதி உள்ளவன் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் என்னைவிடத் தெரிந்தவன் யாரும் இருக்க முடியாது. மறுபடி ஒருமுறை அவளைக் கேள். அவள் வர வேண்டும் என்றால் நானே பம்பாய் வந்து, குழந்தையை மடியில் போட்டுக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

உன் அம்மா மாற்றிச் சொல்ல வேண்டாம் என்றாள், நான் இன்று மாற்றிச் சொல்லிவிட்டேன். அவள் பேச்சை மீறியது இது இரண்டாவது தடவை. அவள் அந்தப் பொய்யைச் சொன்னது நீயும் நானும் பிரிந்துவிடக் கூடாது என்பதற்காக. ஆனால் அது வேறு விதமாகப் பலித்துவிட்டது. ஒவ்வொரு தடவை லீவில் வரும்போதும் நீ அவள் பேச்சை எடுப்பாய். எடுத்தவுடன் முதலில் அந்தக் கெட்டிமேளக் கதைதான் வரும். உடனே நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்து போய்விடுவேன். அப்பாவுக்கு அம்மா நினைப்பே இல்லை என்று நீ உன் பெண்டாட்டியிடம் சொன்னது கொட்டகையில் நின்ற என் காதில் விழுந்தது. அவள் நரி என்று சொன்னதையும், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டதையும், நீ பிறந்த அன்று உனக்கு என் மூக்கே வந்துவிட்டதென்று என்னைக் கேலி செய்ததையும் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று எத்தனை நாள் வாய்வரை வந்திருக்கிறது. அந்தப் பொய்யைத் தாண்டி வர முடியாமல் விழுங்கியிருக்கிறேன். இந்த வீட்டில் சாப்பிடுகிறேன், துணி துவைக்கிறேன், கதவைச் சாத்துகிறேன். யாரிடமும் அவள் பேரைச் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது.

முந்திரிக் கொல்லைக்கும், நான் இல்லாமல் போன அந்த நாளுக்கும் உள்ள கோபத்தை நீ திரும்ப எடுத்துக்கொள். இதற்குரியதையும் சேர்த்துக்கொள். என்ன வேண்டுமானாலும் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. அவளைத் தெரிந்தவன், அவளைப் பற்றி நான் பேசக்கூடியவன், எனக்கு உன்னைத் தவிர ஒருத்தரும் இல்லை.

உன் பெண்டாட்டிக்கும் குழந்தைக்கும் என் ஆசி.

அப்பா